பி.ஆர். வந்தாச்சுன்னு நிம்மதியா இருக்கிறவங்களுக்கு ஒரு அரசு டாக்டர் எழுதுவது

1/ நீளமான இழை, பொறுமையா படிங்க. இந்த தடவை சர்க்கரை, பிரஷர் பத்தி இல்ல. ஆஸ்திரேலியா பி.ஆர்., பாஸ்போர்ட், குடியுரிமை பத்தி. "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

2/ நான் கடலூர் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பாக்குறேன். எம்.பி.பி.எஸ். தான். வக்கீல் இல்ல, விசா ஏஜென்ட் இல்ல. ஆனா எமர்ஜென்சி வார்டுல நான் அதிகமா கேக்குற வாக்கியம் எது தெரியுமா? "பையன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றோம் டாக்டரம்மா." அதுக்கு அடுத்தது, "பையன் வந்துட்டு இருக்கான்." இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல தான் பேப்பர் வேலை இருக்கு. அதை யாரும் பேசுறதில்ல.

3/ நெய்வேலி, சிதம்பரம், கடலூர், விருத்தாசலம்னு எங்க மாவட்டத்துல தெருவுக்கு ஒரு வீட்டுலயாவது வெளிநாட்டுல ஒரு பிள்ளை இருக்கு. பரங்கிப்பேட்டைப் பக்கம் வளைகுடா, சிங்கப்பூர். இன்ஜினியரிங் படிச்சவங்க, நர்சிங் படிச்சவங்க பல பேருக்கு இப்போ ஆஸ்திரேலியா. பஸ் ஸ்டாண்டு சுவர்லயே "பி.ஆர். உறுதி" போஸ்டர் ஒட்டி இருக்கு. போறது தப்பே இல்ல. என் பேட்ச்லயே பாதி பேர் எங்கெங்கயோ இருக்காங்க. என் சண்டை வேற.

4/ ரெண்டு கதை சொல்றேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். நடந்தது நடந்தது தான்.

5/ முதல் கதை. புவனகிரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா. அறுபது தாண்டின வயசு. மூளையில ரத்தக்கசிவு. 108-ல கொண்டு வந்தாங்க. ஒரே பையன், மெல்பர்ன்ல. அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னார்: "அவன் வர்ற வரைக்கும் எப்படியாவது புடிச்சு வைங்க பாப்பா." நான் வாக்கு கொடுக்கல. டாக்டருங்க யாரும் அப்படி வாக்கு கொடுக்க முடியாது.

6/ பையன் வரல. வர விருப்பம் இல்லாம இல்ல. ஒன்பது நாளைக்கு முன்னாடி தான் அவன் ஆஸ்திரேலியக் குடிமகனா உறுதிமொழி எடுத்திருக்கான். ஃபோட்டோவெல்லாம் போட்டிருக்கான், கையில ஒரு செடி, கொடி, சான்றிதழ். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கல. "மெதுவா பண்ணிக்கலாம்"னு இருந்திருக்கான். கையில இருந்தது இந்திய பாஸ்போர்ட். இன்னும் பல வருஷம் தேதி இருக்கு. ஆனா அது செல்லாது.

7/ ஏன் செல்லாது? இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9. வேற நாட்டுக் குடியுரிமையை நீங்களா விரும்பி எடுத்த அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும். பாஸ்போர்ட்ல என்ன தேதி போட்டிருந்தாலும் கணக்கில்ல. அதைக் காட்டிப் பயணம் பண்றது குற்றம். இந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவிலும், குடிமகன் ஆன அன்னைக்கே பி.ஆர். விசா முடிஞ்சுடும். அப்புறம் அந்த நாட்டுக்குள்ள போக, வர ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் தான் வேணும்.

8/ ஆக அந்தப் பையன் ரெண்டு நாட்டுக்கும் நடுவுல நின்னான். பழைய பாஸ்போர்ட் செல்லாது, புது பாஸ்போர்ட் இல்ல. அம்மா நாலாவது நாள் போயிட்டாங்க. அப்பா ஃபோனை அவங்க முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டே நின்னார், கை நடுங்க நடுங்க. சிஸ்டர் ஒருத்தவங்க ஃபோனை வாங்கி பிடிச்சாங்க. கொள்ளி வச்சது சித்தப்பா மகன்.

9/ ரெண்டாவது கதை. சிதம்பரம் டவுன். அப்பாவுக்கு மாரடைப்பு. மகன் சிட்னியில இருந்து மூணாம் நாள் வந்துட்டான். அப்பா பிழைச்சுட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு மாசம் இருந்து பாத்துக்கிட்டு திரும்பப் போனான். சென்னை ஏர்போர்ட் கவுன்ட்டர்ல நிறுத்திட்டாங்க. "உங்க விசாவுல பயணம் பண்ண அனுமதி முடிஞ்சு போச்சு சார்." அவனுக்கு நம்ப முடியல. "நான் பெர்மனென்ட் ரெசிடென்ட் சார், பெர்மனென்ட்!"னு கத்தியிருக்கான்.

10/ அந்த 'பெர்மனென்ட்'ங்கிற வார்த்தை தான் ஏமாத்துது. ஆஸ்திரேலிய பி.ஆர். கிடைச்சா அந்த நாட்டுக்குள்ள காலம் பூரா இருக்கலாம், உண்மை. ஆனா வெளிய போய் திரும்ப உள்ள வர்ற அனுமதி, விசா கொடுத்த தேதியில இருந்து பொதுவா 5 வருஷம் தான். உள்ள இருக்கிற வரைக்கும் அது முடிஞ்சதே தெரியாது. வெளிய போகும்போதும் யாரும் தடுக்க மாட்டாங்க. திரும்பி வரும்போது தான் கதவு மூடியிருக்கும்.

11/ அந்தத் தம்பி இங்க இருந்துக்கிட்டே திரும்பி வரும் குடியிருப்பாளர் விசாவுக்கு (எண் 155) விண்ணப்பிச்சு, காத்திருந்து தான் போக முடிஞ்சது. அங்க மனைவியும் கைக்குழந்தையும் தனியா. லீவு முடிஞ்சு சம்பளம் போச்சு. இங்க அப்பாவுக்கு "என்னால தானே பையன் மாட்டிக்கிட்டான்"னு ஒரே புலம்பல். ஸ்டென்ட் வச்ச மனுஷன். டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பினவர் நெஞ்சு வலின்னு திரும்ப என் முன்னாடி வந்து உக்காந்தார். அதனால தான் சொல்றேன், இது என் வேலையும் தான்.

12/ இப்போ என் கோபம் யார் மேலன்னு வரிசையா சொல்றேன். முதல்ல, "பி.ஆர். உறுதி"ன்னு போஸ்டர் ஒட்டுறவங்க மேல. பி.ஆர்.-ஐ யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஸ்கில்டு விசாவுக்கு (189, 190, 491) குறைஞ்சது 65 பாயின்ட் வேணும். 65 இருந்தாலும் அழைப்பு வரும்னு கட்டாயம் இல்ல. அந்த அரசாங்கம் அந்தந்த நேரத்துக்கு எந்தத் தொழிலுக்கு எத்தனை பேரைக் கூப்பிடுதோ அவ்வளவு தான்.

13/ இன்னொன்னு தெரிஞ்சுக்கங்க. விருப்பத்தைத் தெரிவிச்சு ஸ்கில்செலக்ட்ல பதிவு பண்றதுக்குக் கட்டணமே கிடையாது. இலவசம். அந்த இலவசப் படிவத்தை நிரப்பத் தான் நம்ம ஊர்ல சில பேர் லட்சக்கணக்குல வாங்குறாங்க. ஆஸ்திரேலியாவுல விசா ஆலோசனை சொல்ற ஏஜென்ட்டுங்க அரசுப் பதிவு வச்சிருக்கணும், பதிவு எண்ணை யார் வேணாலும் இணையத்துல சரிபாக்கலாம். இந்தியாவுல உக்காந்து பண்றவங்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்ல. அப்போ ஏமாந்தா யார்கிட்ட போய் நிப்பீங்க?

14/ அதைவிட மோசம், பொய் அனுபவச் சான்றிதழ் போட்டுக் கொடுக்கிறவங்க. மாட்டினா விசா நிராகரிப்போட நிக்காது. பொய் ஆவணம்னு முடிவு பண்ணினா மூணு வருஷம், அடையாளத்திலயே மோசடின்னா பத்து வருஷம் வரைக்கும் கதவு மூடிடும். குடும்பத்துல சேர்ந்து விண்ணப்பிச்சவங்களுக்கும் சேத்து அடி. ஏஜென்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அவர் அடுத்த போஸ்டர் ஒட்டுவார்.

15/ என் டேபிளுக்கே வர்றாங்க. "டாக்டரம்மா, விசாவுக்கு ஒரு ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் கொடுங்க, டி.பி. வந்ததை மட்டும் எழுதாதீங்க." ரெண்டு விஷயம். ஒண்ணு, நான் கொடுக்கிற சர்ட்டிஃபிகேட் அங்க செல்லவே செல்லாது. அவங்க அங்கீகரிச்ச டாக்டர் கிட்ட தான் மெடிக்கல். ரெண்டு, டி.பி. இருந்தா விசாவே கிடைக்காதுன்னு நினைக்காதீங்க. மருந்தை முழுசா சாப்பிட்டு, குணமானதை நிரூபிச்சா வழி இருக்கு. மறைச்சா, எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும். அரசு மருத்துவமனையில டி.பி. மருந்து இலவசம். தயவு செஞ்சு மறைக்காதீங்க, வீட்டுல இருக்கிற குழந்தைக்குப் பரவும்.

16/ ரெண்டாவது கோபம், நம்ம வீட்டுத் திண்ணை மேல. "சிட்டிசன்ஷிப் எடுத்துட்டானாமே, ஊரையே மறந்துட்டான், துரோகி." இதைச் சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. ஒருத்தன் தன் அம்மாவைப் பாக்க நிச்சயமா வந்துட்டுப் போகணும்னா, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேதி முடியுற விசா நல்லதா, முடியாத குடியுரிமை நல்லதா?

17/ ஆஸ்திரேலியா 2002-ல இருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்குது. தடை நம்ம பக்கம் தான். இந்தியா ஒரே நேரத்துல ரெண்டு குடியுரிமையை ஏத்துக்காது. அதுக்குப் பதிலா 2005-ல கொண்டு வந்தது தான் ஓ.சி.ஐ. அட்டை. பேரு 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்'. ஆனா உண்மையில குடியுரிமை இல்ல, வாழ்நாள் விசா மாதிரி. ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது.

18/ "அய்யோ, அப்போ காட்டுமன்னார்கோயில்ல இருக்கிற எங்க நிலம் போயிடுமா?" போகாது. அப்பா சொத்து வாரிசா வரலாம். புதுசா விவசாய நிலம் வாங்கறது தான் முடியாது. அதுவும் இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற என்.ஆர்.ஐ.க்கும் அதே விதி தான். ஆக நிலத்தைக் காட்டி பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க பெரியவங்களே. இந்த ஒரு பயத்தால தகுதி இருந்தும் பத்து வருஷமா விண்ணப்பிக்காம இருக்கிறவங்களை எனக்குத் தெரியும்.

19/ மூணாவது கோபம், அங்க இருக்கிற தம்பி தங்கச்சிங்க மேல. ஐ.டி.யில வேலை, எக்ஸெல்ல ஆயிரம் வரி கணக்கு போடுவீங்க. உங்க விசா தேதி தெரியாது! எங்க வார்டுல ஒரு நோயாளிக்கு அடுத்த டோஸ் எப்போன்னு தெரியாம நான் இருந்தா என்னை விடுவீங்களா?

20/ அதனால இதைக் குறிச்சு வச்சுக்கங்க. ஒண்ணு: விசா கொடுத்த கடிதத்தை எடுங்க. பயண அனுமதி எந்தத் தேதி வரைன்னு பாருங்க. வீவோ தளத்துலயும் பாக்கலாம், இலவசம். தேதி நெருங்கினா, அங்க இருக்கும்போதே 155-க்கு விண்ணப்பிங்க. கடைசி 5 வருஷத்துல மொத்தம் 2 வருஷம் அங்க பி.ஆர்.-ஆ இருந்திருந்தா இன்னொரு 5 வருஷம் கிடைக்க வழி இருக்கு. அதுக்குக் கம்மியா இருந்தா, அந்த நாட்டோட உங்களுக்கு இருக்கிற தொடர்பை நிரூபிக்கணும், கிடைக்கிற காலமும் குறையும்.

21/ ரெண்டு: இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சா, புது எண்ணை இம்மிஅக்கவுண்ட்ல உடனே பதியணும். இப்போ விசா ஸ்டிக்கர் ஒட்டுறது இல்ல. கம்ப்யூட்டர்ல உங்க பாஸ்போர்ட் எண்ணோட தான் விசா சேந்திருக்கு. புது எண் அங்க இல்லன்னா ஏர்லைன் கவுன்ட்டர்ல உங்க விசாவே தெரியாது. இந்த வேலைக்குக் கட்டணம் இல்ல. நடு ராத்திரி டிக்கெட் எடுத்துட்டு ஓடுற நேரத்துல இதைத் தேடிக்கிட்டு இருக்காதீங்க.

22/ மூணு: குடியுரிமைக்குத் தகுதிக் கணக்கு. விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்தின 4 வருஷம் சட்டப்படி அங்க வசிச்சிருக்கணும். அதுல கடைசி 12 மாசம் பி.ஆர்.-ஆ இருந்திருக்கணும். 4 வருஷத்துல மொத்தம் 12 மாசத்துக்கு மேல வெளிய இருந்திருக்கக் கூடாது. கடைசி ஒரு வருஷத்துல 90 நாளைக்கு மேல வெளிய இருந்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு ஆபரேஷன்னு மூணு, நாலு மாசம் வந்து இருந்தவங்களுக்கு இந்த 90 நாள் தான் இடிக்கும். நாளைக் குறிச்சு வச்சுக்கங்க.

23/ அப்புறம் தேர்வு. 20 கேள்வி, 75 சதவீதம் எடுக்கணும். அதுல ஆஸ்திரேலிய மதிப்பீடுகள் பத்தி வர்ற 5 கேள்விக்கும் சரியா பதில் சொல்லணும். அரசாங்கமே புத்தகத்தை இலவசமா போட்டிருக்கு. இதுக்கும் கோச்சிங் கிளாஸ்னு காசு கேக்குறாங்களாம். பிளஸ் டூ முடிச்ச யாரும் தானா படிச்சு எழுதலாம்.

24/ நாலு, முக்கியமானது. முதல் கதையில வந்த பையனுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா! விண்ணப்பம் ஏத்துக்கிட்ட பிறகு உறுதிமொழி எடுக்க பொதுவா 12 மாசம் அவகாசம் இருக்கு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உடம்பு மோசமா இருந்தா, காரணத்தைச் சொல்லி விழாத் தேதியைத் தள்ளிப் போடக் கேளுங்க. இந்திய பாஸ்போர்ட் உயிரோட இருக்கும்போதே வந்து பாத்துட்டு போங்க. அப்புறம் போய் உறுதிமொழி எடுங்க.

25/ உறுதிமொழி எடுத்துட்டீங்களா? கேக் வெட்டுறதை மறுநாள் வச்சுக்கங்க. ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கு உடனே விண்ணப்பிங்க. கூடுதல் கட்டணம் கட்டினா சீக்கிரம் கொடுக்கிற வசதி இருக்கு. அடுத்து இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு சான்றிதழ் வாங்குங்க. அடுத்து ஓ.சி.ஐ. அது வர்றதுக்குள்ள அவசரம்னா ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்ல இந்திய விசா எடுத்து வரலாம். இந்த வரிசை மாறக் கூடாது.

26/ அஞ்சு, இங்க இருக்கிற பெத்தவங்களுக்கு. உங்களுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைங்க. "நான் எங்க போகப் போறேன்"னு சொல்லாதீங்க. பேத்தி பிறக்கும்போது தேவைப்படும். இப்போ அஞ்சலகங்கள்லயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கு, சென்னைக்கு ஓட வேண்டியதில்ல.

27/ அப்புறம் பெயர்! நம்ம ஆளுங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் தான். ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி. மகனோட பாஸ்போர்ட்ல அப்பா பேர் 'கோவிந்தசாமி', அப்பாவோட பாஸ்போர்ட்ல 'கோவிந்தசுவாமி'. ஒரு எழுத்து தான். அந்த ஒரு எழுத்துக்கு அஃபிடவிட், நோட்டரி, அலைச்சல். ஆஸ்பத்திரியில பேர் சேக்கும்போதே சரியான எழுத்துல சொல்லுங்க. இறப்புச் சான்றிதழ் வரைக்கும் அதே எழுத்து தான் போகும்.

28/ எங்க மாவட்டத்துக்காரங்களுக்குத் தனியா சொல்லணும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் தானே புயல், 2015 வெள்ளம். ஒவ்வொண்ணுலயும் பீரோவோட சர்ட்டிஃபிகேட்டும் போன வீடுங்க எத்தனை! பிறப்புச் சான்று, மார்க் ஷீட், கல்யாணப் பதிவு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க. டிஜிலாக்கர்ல கிடைக்கிறதை அங்க எடுத்து வைங்க. அடுத்த புயல் சொல்லிட்டு வராது.

29/ "இதெல்லாம் வசதியானவங்க பிரச்சனை, அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஏழைங்களைப் பத்திப் பேசுங்க"ன்னு கமென்ட் வரும்னு தெரியும். சரி, பேசுவோம். என் வார்டுக்கு வர்ற பெத்தவங்க வசதியானவங்க இல்ல. நகையை அடகு வச்சு, நிலத்தை வித்து அனுப்பினவங்க. ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததும் அவங்க காசு தான். இன்னும் கீழ இருக்கிறவங்களுக்கு காகிதம்னா என்னன்னு சொல்றேன், கேளுங்க.

30/ லியோ சீமான்பிள்ளை. ஈழத்தமிழர். படகுல ஆஸ்திரேலியா போனவர். பெத்தவங்க இங்க தமிழ்நாட்டு அகதி முகாம்ல. கையில தற்காலிக விசா மட்டும். எப்போ திருப்பி அனுப்புவாங்களோங்கிற பயத்துலயே வாழ்ந்தவர், 2014 ஜூன்ல ஜீலாங் நகரத்துல தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். வயசு 29. அவரோட உறுப்புகள் ஆஸ்திரேலியர்களுக்குத் தானமா போச்சு. இறுதிச் சடங்குக்கு வர பெத்தவங்க விசா கேட்டாங்க. மறுத்துட்டாங்க. பையனோட உறுப்பை ஏத்துக்கிட்ட நாடு, அவனைப் பெத்தவங்களை உள்ள விடல.

31/ (இதைப் படிச்சு மனசு கனத்துப் போறவங்க, தனியா தவிக்கிறவங்க 104 இல்லன்னா 14416-க்குப் பேசுங்க. தமிழ்லயே பேசலாம். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.)

32/ இன்னொரு குடும்பம். பிரியா, நடேஸ். அவங்களும் ஈழத்தமிழர். குயின்ஸ்லாந்துல பிலோயீலாங்கிற சின்ன ஊர்ல வாழ்ந்தாங்க. 2018 மார்ச்ல, தற்காலிக விசா காலாவதியானதும், விடியற்காலையில வந்து ரெண்டு பெண் குழந்தைகளோட தூக்கிட்டுப் போனாங்க. 2019-ல கிறிஸ்துமஸ் தீவு. குழந்தைங்க ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுல பிறந்தவங்க தான். ஆனா அங்க பிறந்தா மட்டும் குடியுரிமை இல்ல. பெத்தவங்கள்ல ஒருத்தராவது குடிமகனாவோ பி.ஆர்.-ஆவோ இருக்கணும்.

33/ 2021 ஜூன்ல சின்னவ தாருணிகாவுக்கு நிமோனியா முத்தி ரத்தத்துல தொற்று. மூணு வயசு. அதுக்கப்புறம் தான் பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்துல கொண்டு போனாங்க. ஒரு டாக்டரா சொல்றேன், குழந்தைக்கு நிமோனியாவுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்த மணி நேரத்தை விசா தின்னுச்சு. அந்த ஊர் மக்கள் விடாம போராடினாங்க. 2022 ஆகஸ்ட்ல தான் அந்தக் குடும்பத்துக்கு நிரந்தர விசா கிடைச்சது.

34/ அவங்களுக்கு எந்தப் படிவத்தை நிரப்பினாலும் கிடைக்காத ஒண்ணு, உங்களுக்கு ஒரு படிவத்தை நேரத்துக்கு நிரப்பினா கிடைக்கும். அதையும் சோம்பேறித்தனத்தால விட்டுட்டு, ஏர்போர்ட்ல நின்னு கத்தினா எனக்குப் பரிதாபமும் வருது, கோபமும் வருது.

35/ ஆஸ்திரேலிய அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. அங்க இருக்கிற பிள்ளைங்க பெத்தவங்களை நிரந்தரமா கூட்டிட்டுப் போகணும்னா? சாதாரண பெற்றோர் விசாவுக்கு வரிசை முப்பது வருஷம். எழுபது வயசு ஆளுக்கு முப்பது வருஷம் காத்திருன்னு சொல்றது என்ன பதில்? பணம் கட்டுற பெற்றோர் விசான்னா ஒருத்தருக்கு 40,000 டாலருக்கு மேல, அதுக்கும் பல வருஷ வரிசை. பிள்ளையோட உழைப்பும் வரியும் வேணும், அவனைப் பெத்தவங்க வேணாம். டாக்டர், நர்ஸ், இன்ஜினியர்னு வளர்த்து அனுப்பினது யாரு? எங்க ஊரு அம்மா அப்பா தானே.

36/ அதே மாதிரி தான் குழந்தைக்கு ஊனமோ நீண்ட நாள் நோயோ இருந்தா. சிகிச்சைச் செலவு அவங்க வச்சிருக்கிற வரம்பைத் தாண்டும்னு கணக்கு போட்டா, மொத்தக் குடும்பத்துக்கும் பி.ஆர். மறுக்கலாம். 2024 ஜூலையில இருந்து அந்த வரம்பு 86,000 டாலர். சில விசாவுல மட்டும் விலக்கு கேக்க முடியும். ஒரு பிள்ளையோட உயிருக்கு விலைச்சீட்டு ஒட்டுற முறை இது. போஸ்டர்ல இதை யாரும் போட மாட்டாங்க. அப்படிப்பட்ட குழந்தை இருக்கிறவங்க ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

37/ டெல்லிக்கும் ஒரு வார்த்தை. குடிமகன் ஆன நாளுக்கும் ஓ.சி.ஐ. வர்ற நாளுக்கும் நடுவுல ஒருத்தன் அந்தரத்துல நிக்கிறான். நேத்து வரை நம்ம பாஸ்போர்ட் வச்சிருந்தவன், அம்மா சாகக் கிடக்கிறாங்கன்னா, மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி ஒரு தடவை வந்துட்டுப் போக ஒரு தாள் கொடுக்கிறதுல என்ன நஷ்டம்? இரட்டைக் குடியுரிமை கூட கேக்கல. ஒரே ஒரு பயணம். கடைசியா முகம் பாக்கிற அளவுக்கு.

38/ மருத்துவ விஷயமும் ஒண்ணு சொல்லிடறேன். பிள்ளை வெளிநாட்டுல இருந்தா, யார் முடிவெடுப்பாங்கன்னு இப்பவே பேசி வைங்க. அடைப்பால வர்ற பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். "பையன் ஃபோன் எடுக்கல, அங்க ராத்திரி"ன்னு ஒரு மணி நேரம் போனா, அந்த நேரத்துல மூளை செத்துக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கிற ஒருத்தரை, மகளோ, தம்பி மகனோ, முடிவெடுக்கச் சொல்லி வைங்க. கையெழுத்துக்குக் கடல் தாண்டிக் காத்திருக்காதீங்க.

39/ கடைசியா ஒரு வாக்குமூலம். இவ்வளவு பேசுற எனக்கும் ஒரு தம்பி மெல்பர்ன்ல இருக்கான். அந்த அப்பா ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ராத்திரி, டூட்டி முடிஞ்சு வெளிய வந்து அவனுக்கு அடிச்சேன். "டேய், உன் பி.ஆர். தேதி எப்போ முடியுது?" "பெர்மனென்ட் தானே அக்கா, அதுக்கு ஏது தேதி?" அப்பவே பாக்கச் சொன்னேன். நாலு மாசம் தான் இருந்தது. எங்க அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்குக் கை நடுங்குச்சு.

40/ இப்போ அவன் 155 வாங்கிட்டான். நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்: அவன் தேதி, அம்மா பாஸ்போர்ட் தேதி, பெயர் எழுத்து, யாருக்கு முதல்ல ஃபோன் பண்ணணும்னு. அம்மாவோட மாத்திரை டப்பா பக்கத்துலயே அந்த நோட்டு இருக்கு.

41/ கட்டணம், விதி எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். விண்ணப்பிக்கிற அன்னைக்கு அந்த அரசாங்கத்தோட தளத்தைப் பாத்து உறுதி பண்ணிக்கங்க, என் இழையை மட்டும் நம்பாதீங்க. வெளிநாட்டுல பிள்ளை இருக்கிற உங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. அவர் தன் பையன் கிட்ட தேதியைக் கேக்கட்டும். இன்னைக்கே கேக்கட்டும். நாளைக்கு எனக்கு நைட் டூட்டி. உங்க வீட்டு ஆளை அந்த வார்டுல நான் பாக்கக் கூடாது. அப்படியே பாத்தாலும், "பையன் டிக்கெட் எடுத்துட்டான் டாக்டரம்மா"ங்கிற வார்த்தையைத் தான் கேக்கணும்.